சூரியன் வரை எத்தனை சங்கிலி?

வணக்கம். நிலம் அளக்கிற சங்கிலியை இங்கிருந்து சூரியன் வரை பிடித்தால் எத்தனை சங்கிலி வரும்? ஒரே ஒரு வகுத்தல்தான். ஆனால் அந்த வகுத்தலில் சுமார் 299 கிலோமீட்டர் சத்தமில்லாமல் நழுவிப் போகலாம். எப்படி என்று பார்ப்போம்.

[திரையில்: கன்டர் சங்கிலியின் படம்]

இங்கிலாந்தில் எட்மண்ட் கன்டர் 1620இல் கொண்டுவந்த சங்கிலி இது. நீளம் 66 அடி, மொத்தம் 100 லிங்க், அதாவது கண்ணி. 66 என்பது ஏன் என்று தோன்றும். ஒரு சங்கிலி அகலமும் பத்து சங்கிலி நீளமும் உள்ள நிலம் சரியாக ஒரு ஏக்கர். அதாவது ஒரு லட்சம் சதுர லிங்க். நம் ஊரில் மனை வாங்கும்போது பேசுகிற சென்ட் அதில் நூறில் ஒரு பங்கு, 1,000 சதுர லிங்க். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அடுத்தது வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரத்தை ஒட்டியது. முன்பு இதன் மீட்டர் அளவை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2012இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதை ஒரே எண்ணாக நிலைநிறுத்திவிட்டது.

[திரையில்: 1 வானியல் அலகு = 1,49,59,78,70,700 மீட்டர்]

சரி, இரண்டையும் மீட்டருக்குக் கொண்டுவருவோம். ஒரு அடி 0.3048 மீட்டர் என்றால், சங்கிலி 20.1168 மீட்டர். வகுத்தால் 743 கோடியே 64 லட்சத்து 64 ஆயிரத்து 582 சங்கிலி. முடிந்தது.

முடியவில்லை. நாம் எடுத்துக்கொண்டது எந்த அடி?

[திரையில்: இரண்டு அடிகள், பக்கத்துப் பக்கத்தில்]

1893 முதல் அமெரிக்காவில் ஒரு அடி என்பது 1200/3937 மீட்டர். 1959இல் பல நாடுகள் சேர்ந்து அதை 0.3048 மீட்டர் என்று மாற்றின. ஆனால் அமெரிக்க நில அளவைப் பதிவுகளெல்லாம் பழைய அடியிலேயே இருந்தன. அதனால் அதை 'சர்வே அடி' என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு.

ஒரு சங்கிலிக்கு இது 0.04 மில்லிமீட்டர். வயலில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் வரைபடத்தில் ஓர் இடத்தின் ஆயத்தொலை, அதாவது தொடக்கப் புள்ளியிலிருந்து அதன் தூரம், 20 லட்சம் அடி என்று இருந்தால், அடியை மாற்றிப் போட்டவருக்கு அந்த இடம் 4 அடி தள்ளிப் போகும். வேலி, சுவர், பாலத்தின் தூண் எல்லாவற்றுக்கும் அது பெரிய பிழை. சில மாநிலங்கள் ஒரு அடியையும் மற்றவை இன்னொன்றையும் பயன்படுத்தியதால் குழப்பம் கூடியது. கடைசியில் 2022 முடிவோடு சர்வே அடிக்கு விடை கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், இதை எப்போதோ செய்திருக்க வேண்டும்.

இதே வித்தியாசம் சூரியன் வரை போனால்தான் அந்த 299 கிலோமீட்டர். சர்வே அடி கொஞ்சம் நீளம் என்பதால், அதில் கணக்கிட்டால் 14,873 சங்கிலி குறையும்.

இன்னும் தள்ளிப் போவோம். நட்சத்திரத் தூரங்களைச் சொல்லப் பயன்படும் அலகு பார்செக். ஒரு பார்செக் சுமார் 2,06,265 வானியல் அலகு. அங்கே இந்தப் பிழை 0.41 வானியல் அலகு, ஆறு கோடி கிலோமீட்டருக்கும் மேல். சூரியனிலிருந்து புதன் கோள் இருக்கும் சராசரித் தூரத்தைவிடவே அதிகம்!

அதற்காக நட்சத்திரத் தூரத்துக்கு இதை நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்தத் தூரங்களை அளப்பதில் உள்ள பிழையே பொதுவாக இதைவிடப் பெரியது. பார்செக்கைச் சங்கிலியில் சொல்ல 1.534 × 10¹⁵ என்று நான்கு இலக்கம் போதும், எந்த அடியானாலும் அதே விடைதான் வரும். சூரியக் குடும்பத்துக்குள் கதை வேறு. அங்கே ரேடார் அளவீடு மிகத் துல்லியம், 299 கிலோமீட்டரை விட்டுவிட முடியாது.

[திரையில்: மாற்றும் செயலியில் இரண்டு சங்கிலித் தெரிவுகள்]

அலகு மாற்றும் பல செயலிகளில் 'சங்கிலி', 'அமெரிக்க சர்வே சங்கிலி' என்று இரண்டு இருக்கும். 2022 வரையிலான அமெரிக்க நிலப் பதிவு கையில் இருந்தால், அது எந்த மாநிலத்துடையது, எந்த அடியில் எழுதியது என்று பார்த்துவிட்டு, அப்புறம் பொத்தானை அழுத்துங்கள்.