ஹேஷ்டேக்குக்கு வாய்தா கிடையாது

(மகளிர் தினத்தையொட்டிப் புதுச்சேரியில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் சாயலை அப்படியே விட்டிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. பின்வரிசையில் கேட்கவில்லையென்றால் கையைத் தூக்குங்கள், சத்தமாகப் பேசுகிறேன். அது எனக்குப் பழக்கம்தான்.

புதுச்சேரியில் பத்திரிகையைப் பற்றிப் பேச வந்தவர் பாரதியில் தொடங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். நானும் மீறப்போவதில்லை. 1908-இல் 'இந்தியா' வார இதழ் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அச்சடிப்பது பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள். வாசகர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரன் எல்லைக்குள். இங்கே நுழைந்து அச்சகத்தைப் பூட்ட அவனால் முடியாது. இதழ் தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடை போட்டான், முடிந்தது கதை. 1910-இல் 'இந்தியா' நின்றுபோனது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே இருக்கிற வழி யார் கையில் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் கேள்வி. அன்று தபால். எங்கள் காலத்தில் டெஸ்க், அதாவது பத்திரிகை ஆபீஸில் செய்தியைத் தேர்ந்தெடுத்துத் திருத்துகிற மேஜை. இன்று உங்கள் போன் திரையில் எது மேலே வர வேண்டும் என்று எங்கோ உட்கார்ந்து தீர்மானிக்கும் கம்பெனி.

அதே பாரதி 1905-இல் 'சக்கரவர்த்தினி' என்று பெண்களுக்கான மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தார். பெண்களுக்காக ஆண்கள் பத்திரிகை நடத்திய காலம் அது. பிறகு எத்தனையோ மாறியது, ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில்கூட நாளிதழில் பெண்ணுக்கு இரண்டே இடம். ஒன்று வார இணைப்பு: கோலம், குழம்பு, முகப்பொலிவு. இன்னொன்று குற்றச் செய்தி. நடுவில் ஒன்றும் கிடையாது. சம்பளம் கேட்டுப் போராடுகிற பெண்ணை எந்தப் பக்கத்தில் போடுவது என்று டெஸ்கில் நிஜமாகவே குழப்பம் வரும்.

அந்த டெஸ்கை இங்கிருக்கும் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பகுதி நேர நிருபர்கள் செய்தியைக் கையால் எழுதி, போட்டோ எடுத்த ஃபிலிம் ரோலையும் சேர்த்துக் கவரில் ஒட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆள் நின்று வாங்கி வரவேண்டும். பஸ் பஞ்சரானால் செய்தி நாளைக்கு. வந்த கவரைப் பிரித்து எதை முதன்மைச் செய்தி ஆக்குவது, எதை ஒரு பத்திச் செய்தியாகத் தள்ளுவது, எதைக் குப்பையில் போடுவது என்று முடிவெடுத்தவர்கள் மூன்று நான்கு ஆண்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் புகார் செய்தியா இல்லையா என்பது அவர்கள் மேஜையில்தான் தீரும்.

இதன் விளைவைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1992, அப்போது தென்னாற்காடு மாவட்டம். அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப் போன மனைவியைப் போலீஸ்காரர்களே கூட்டாக வன்கொடுமை செய்தார்கள். ஜனநாயக மாதர் சங்கத்துப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். நோட்டீஸ் அடித்து, பஸ் ஏறி, கட்சி ஆபீஸ், கோர்ட், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து அந்த வழக்கைச் சாகவிடாமல் காப்பாற்றினார்கள். கையில் செல்போன் இல்லை. இருந்ததெல்லாம் விடாமல் நின்ற ஆட்கள். இதை மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது காட்சி மாறுகிறது. 2012 அக்டோபரில் நம் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் நடத்தும் ஒருவர் ட்விட்டரில் ஒரு அரசியல்வாதியின் மகனைப் பற்றி ஒரு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் என்று செய்தி வந்தது. 16 பேர் படிக்கும் வரிக்காகக் காலையில் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. பயன்படுத்தியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. அடுத்த மாதமே மகாராஷ்டிராவில் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காகக் கைதானார்கள். ஒருத்தி எழுதினாள், இன்னொருத்தி லைக் போட்டாள். அதைக் கண்டு கொதித்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி. 2015 மார்ச்சில் 66ஏ ரத்தானது. சமூக ஊடகத்தில் பேசும் உரிமையை இந்த நாட்டில் வாங்கிக் கொடுத்த வழக்கின் பெயரே ஒரு பெண்ணின் பெயர். நமக்கு இது பெருமை, கை தட்டலாம்.

இந்தப் புது வழியில் பெண்கள் என்னென்ன சாதித்தார்கள்? பட்டியல் போடமாட்டேன். மூன்று மட்டும்.

லண்டனில் 'தி சன்' நாளிதழ் 1970-லிருந்து மூன்றாம் பக்கத்தில் மேலாடையில்லாத பெண் படம் போட்டுவந்தது. 2012-இல் லூசி ஆன் ஹோம்ஸ் என்ற பெண் இணையத்தில் கையெழுத்து இயக்கம் தொடங்கினார். 2015 ஜனவரியில் அந்தப் படம் நின்றது. நம் ஊர் சேதி வேறு மாதிரி. அச்சில் கவர்ச்சிப் படம் குறைந்தது உண்மை, ஆனால் அதே நிறுவனங்களின் இணையதளத்துக்குப் போய்ப் பாருங்கள், கேலரி என்று தனிக் கடையே இருக்கும்.

இரண்டாவது, நாப்கின். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீத வரி. குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை! 'லஹு கா லகான்', அதாவது ரத்தத்துக்கு வரி, என்ற ஹேஷ்டேக்கில் பெண்கள் வெளுத்து வாங்கினார்கள். அதுவரை அந்தச் சொல்லை அச்சிடவே கூச்சப்பட்ட நாளிதழ்கள் வேறு வழியில்லாமல் வணிகப் பக்கத்தில் போட்டன. 2018 ஜூலையில் வரி போனது. என்னைக் கேட்டால், வரி போனதைவிட அந்த வார்த்தை வணிகப் பக்கத்துக்கு வந்ததுதான் பெரிய விஷயம்.

மூன்றாவது எங்கள் தொழிலுக்குள்ளேயே விழுந்த இடி. தங்களுக்குப் பாலியல் தொல்லை கொடுத்தவரைப் பெண்கள் வெளிப்படையாகச் சொல்லும் மீ டூ இயக்கம் 2018 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் ஆட்டம் கண்ட இடங்களில் பத்திரிகை அலுவலகங்களும் உண்டு. பத்திரிகையாளர் பிரியா ரமணி, ஆசிரியராக இருந்து மத்திய இணையமைச்சரான எம்.ஜே. அக்பரின் பெயரை ட்விட்டரில் சொன்னார். வேறு பல பெண்களும் சொன்னார்கள். அக்பர் மறுத்தார், ரமணி மீது அவதூறு வழக்குப் போட்டார், பதவி விலகினார். 2021 பிப்ரவரி 17-இல் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல்லாண்டு கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. அக்பர் மேல்முறையீடு செய்தார், அது தனி. ஒரு ஆசிரியர் மேல் இருக்கும் குற்றச்சாட்டை எந்த டெஸ்க் வழியாக அனுப்புவது? அனுப்ப முடியாது. அதனால்தான் ட்விட்டர் வந்தது.

ஆனால் இது ஆங்கிலப் பத்திரிகைக் கதை. தமிழ் மாவட்டப் பதிப்பில் வேலை செய்யும் பெண் நிருபர் பலருக்கு வேலை நியமன உத்தரவே கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு வேண்டும். நீ ஊழியரே இல்லையே அம்மா என்று கைவிரிப்பார்கள். அந்தச் சட்டத்தில் ஊழியர் என்றால் தற்காலிகமாக, தினக்கூலியாக, சம்பளமே இல்லாமல் வேலை செய்கிறவரும் அடக்கம். பெண் நிருபர்கள் யாராவது இங்கே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனிமேல் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

2024 மார்ச்சில் நம் ஊரில் ஒன்பது வயதுக் குழந்தை காணாமல் போய், பிணமாகச் சாக்கடை வாய்க்காலில் கிடைத்தது. ஊரே தெருவுக்கு வந்தது. கடையடைப்பு நடந்தது. அந்தக் கோபத்தைத் திரட்டியதில் போனுக்குப் பெரிய பங்கு. அதே போன்தான் அந்தக் குழந்தையின் பெயரையும் முகத்தையும் ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸாகக் கொண்டுபோனது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் ஊடகத்தில் வெளியிடக்கூடாது என்கிறது. 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இறந்துபோனவருக்கும் இது பொருந்தும், சமூக ஊடகத்துக்கும் பொருந்தும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தத் தெருவில் அதே பள்ளியில் படிக்கும் மற்றக் குழந்தைகளும் இருக்கிறார்கள், அந்த அம்மாவும் இருக்கிறார்.

பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் என்ன நடந்தது? 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல்துறைத் தலைவரே நிருபர்களிடம் சொன்னார், அரசாணையிலும் வந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஒரு பெண் அலறும் வீடியோவை நாடே பகிர்ந்தது, நியாயம் கேட்பதாக நினைத்துக்கொண்டு. 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகார் மீதான முதல் தகவல் அறிக்கை போலீஸ் இணையதளத்திலிருந்தே வெளியேறி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்கும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் என்றது. அரசுகள் கசியவிட்டன, சரி. கசிந்ததைப் பரப்பியது யார்?

பழைய டெஸ்கின் ஆண்களை இவ்வளவு திட்டினேனே, ஒன்றை அவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். பெயரை மாற்றிப் போடு, ஊரை எடு, அப்பா பெயரை எடு என்று சிவப்புப் பேனாவால் அடிப்பார்கள். எல்லா நாளும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடிக்கவேண்டிய ஆள் என்று ஒருவர் இருந்தார்.

இன்றைய வெப் டெஸ்க்கில் அவர் இல்லை. ஒரு அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சுவரில் பெரிய திரை. இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு செய்தி: 'இளம்பெண் தற்கொலை: கணவரிடம் விசாரணை'. எண் ஏறவில்லை. தலைப்பு மாறியது: 'திருமணமாகி இரண்டே ஆண்டில்... நடந்தது என்ன?' கொஞ்சம் ஏறியது. மதியத்துக்குள் 'அந்த ஒரு போன் கால்!' என்று ஆகிவிட்டது. செய்திக்குள்ளே போன் கால் எதுவும் இல்லை. எழுதிய பையனுக்கு 22 வயது இருக்கும். மாதக் கடைசியில் அவனுக்கு எத்தனை வியூஸ் என்று கணக்குக் கேட்பார்கள், அவ்வளவுதான். ஃபேஸ்புக்கில் பெண்கள் அந்தத் தலைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காறித் துப்பினார்கள். நல்லது. மாலையில் தலைப்பு பழையபடி ஆனது. அதுவும் நல்லது. ஆனால் காறித் துப்பப் போனவர்களும் அந்த எண்ணில் சேர்ந்தார்கள் என்பதைத் திரையில் பார்த்தேன்.

ஏன் இப்படி? பணம். வரன் தேவை, வீடு வாடகைக்கு, ஆட்கள் தேவை என்று பக்கம் பக்கமாக வந்த வரி விளம்பரம் போனுக்குப் போய்விட்டது. மிச்சம் கண்ணீர் அஞ்சலி, அதுவும் ஸ்டேட்டஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. வருமானம் போனால் முதலில் வெட்டுவது எதை? தினமும் கோர்ட் வாசலில் நின்று, குமாஸ்தாவிடம் டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்டு வருகிற நிருபரை. அவர் கொண்டுவரும் செய்தி இரண்டு இஞ்ச். 'விசாரணை ஒத்திவைப்பு' என்று போட்டால் எந்தத் திரையிலும் எண் ஏறாது.

பொள்ளாச்சித் தீர்ப்பு எப்போது வந்தது? 2025 மே 13. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. ஆறு ஆண்டுகளுக்கு மேல். ஹேஷ்டேக் ஓடியது சில வாரம். மிச்ச நாளெல்லாம் அந்தப் பெண்கள் சாட்சி சொல்ல வந்துபோனார்கள். ஹேஷ்டேக்குக்கு வாய்தா கிடையாது, வழக்குக்கு உண்டு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது நன்றாகத் தெரியும். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருப்பார். 1992-இல் மாதர் சங்கத்துப் பெண்கள் தாண்டிவந்தது இந்தக் காத்திருப்பைத்தான்.

இரண்டையும் சேர்த்துச் செய்யமுடியுமா என்று கேட்பீர்கள். உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் பக்கம் 2002-இல் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை தொடங்கினார்கள். பிறகு அச்சை விட்டு முழுக்க வீடியோவுக்கு மாறினார்கள். இன்று அந்தப் பெண்கள் போனைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குள் போய், புகார் ஏன் பதியவில்லை என்று கேட்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே வாசலுக்குத் திரும்பப் போகிறார்கள். கருவி புதுசு, வேலை பழைய நிருபர் வேலைதான். நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. மீன் விற்கும் அக்காக்கள் எழுதுவதில்லை, வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள். தேதி, இடம், ஆள் எல்லாம் சுத்தமாகச் சொல்வார்கள். எந்த டெஸ்கும் அப்படி ஒரு செய்தியை வேண்டாம் என்று சொல்லாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். 2024 மார்ச்சில் தெருவுக்கு வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த வழக்கு இன்றைக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். ...சரி, இறக்கிவிடுங்கள். போக்சோ வழக்கைக் கூடுமானவரை ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. முடியாத வழக்கு எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விசாரணை மூடிய அறையில் நடக்கும், உள்ளே நடப்பதை எழுத நீதிமன்ற அனுமதி வேண்டும். எண்ணிக்கை கேட்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வரதட்சணை, ஜீவனாம்சம் போன்ற வழக்குகளுக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண், அதாவது வழக்கின் அடையாள எண், இருக்கும். பாதிக்கப்பட்ட பெண் சம்மதித்தால் அதை வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தேதி போனிலேயே வரும். அதைக் காலண்டரில் குறித்து, முதல் நாளே நிருபருக்கு ஒரு வரி அனுப்புங்கள். அன்றைக்கு நாலு பேர் கோர்ட் வாசலில் நில்லுங்கள். நாலு பேர் நின்றால் இரண்டு இஞ்ச் செய்தி நான்கு இஞ்ச் ஆகும், அது எனக்குத் தெரியும்.

இன்னொன்று. உங்களில் சிலர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பின் பெயரில் 'ஜஸ்டிஸ் ஃபார்' என்று போட்டு அந்தக் குழந்தையின் பெயர் இன்னும் இருக்கிறது. டி.பி.யில் படமும் இருக்கிறது. அட்மின் யாரென்று பார்த்து இன்று ராத்திரியே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். முதலில் பின்வரிசை.