கேஎல்ஐஏவில் இரண்டு ரயில்கள்: எதில், எப்போது ஏறுவது?

[திரையில்: சிப்பாங் விமான நிலையத்தின் வான்வழிக் காட்சி, இரு முனையங்களும் தெரிகின்றன]

வணக்கம். நாம் கேஎல்ஐஏ என்று சுருக்கமாகச் சொல்லும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ரயில்கள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்கு ரயிலிலேயே போய்விடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வருகிறவர்கள், இவற்றில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொண்டுதான் தடுமாறுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே குடிநுழைவு முகப்பு இருக்கிறது. நீங்கள் அதற்கு உள்ளே நிற்கிறீர்களா, வெளியே நிற்கிறீர்களா என்பதைப் பொறுத்தே உங்களுக்கு உரிய ரயில் எது என்பது முடிவாகும்.

[திரையில்: ஏரோட்ரேன் நடைமேடை]

உள்ளே ஓடுவது ஏரோட்ரேன். 1998ஆம் ஆண்டு முனையம் 1 திறக்கப்பட்டபோதே, அதன் பிரதான கட்டடத்தையும், விமான வாயில்கள் கொண்ட தனிக் கட்டடமான சேட்டிலைட் கட்டடத்தையும் இணைக்க அமைக்கப்பட்ட, ஓட்டுநர் இல்லாத ரயில் இது. தூரம் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர். உயரமான பாதையில் செல்லும் ரயில் வழியில் தாழ்ந்து சுரங்கத்துக்குள் நுழைவதைக் கவனிக்கலாம். விமானங்கள் உருண்டு செல்லும் பாதை அந்த இடத்தில் தலைக்கு மேலே இருக்கிறது.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு ரயில் நடுவழியில் நின்றுபோய், 114 பயணிகள் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வர நேர்ந்தது. அதன் பிறகு சேவை முழுமையாக நிறுத்தப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேருந்துகளே பயணிகளை ஏற்றி இறக்கின. தலா 270 பேர் வரை ஏறக்கூடிய மூன்று புதிய ரயில்களோடு 2025 ஜூலை 1ஆம் தேதி சேவை மீண்டும் தொடங்கியது. ஆகவே, "அங்கே ரயில் இல்லை, பஸ்தான்" என்று உங்கள் உறவினர் சொன்னால், அவர் அந்த இடைவெளியில் பயணம் செய்தவராக இருப்பார்.

இந்த ரயிலுக்குக் கட்டணம் இல்லை. என் பெரியம்மா முதன்முறை தனியாகச் சென்னைக்குப் புறப்பட்டபோது, ஏரோட்ரேன் கதவருகே நின்றுகொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஏய்யா, ரயிலு வந்திருச்சி, டிக்கெட்டு எங்கய்யா எடுக்கணும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடி ரயில் போய்விட்டது. சில நிமிடங்களில் அடுத்தது வந்தது.

[திரையில்: முனையம் 2, கேட்வே பேரங்காடிக்குள் இருக்கும் ரயில் நிலையம்]

வெளியே ஓடுவது, கோலாலம்பூர் நகரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்குச் செல்லும் அதே விரைவு ரயில். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ், கேஎல்ஐஏ டிரான்சிட் ஆகிய இரு சேவைகளும் முனையம் 1, முனையம் 2 இரண்டிலும் நிற்கின்றன. இடையில் மூன்று நிமிடப் பயணம்தான், கட்டணம் 2 ரிங்கிட். டச் என் கோ எனும் முன்பணம் நிரப்பிய பயண அட்டையையோ வங்கி அட்டையையோ தடுப்பு வாயிலில் தொட்டால் போதும்.

இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய திசை ஒன்று உண்டு. முனையம் 1இலிருந்து ஏறினால், முனையம் 2தான் கடைசி நிலையம் என்பதால் தவறவிட வழியே இல்லை. ஆனால் முனையம் 2இலிருந்து எக்ஸ்பிரஸில் ஏறி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே முனையம் 1இல் இறங்க மறந்துவிட்டால், அடுத்து அது நிற்பது கேஎல் சென்ட்ரலில்தான். அரைமணி நேரமும் 55 ரிங்கிட்டும் போய்விடும். திரும்பி வருவதற்கு இன்னொரு மடங்கு.

[திரையில்: பினாங்கு – சிப்பாங் – சென்னை என ஒரு வரைபடம்]

இரண்டு ரயில்களும் தேவைப்படும் பயணம் ஒன்றைப் பார்ப்போம். பினாங்கிலிருந்து ஏர் ஏசியாவில் முனையம் 2க்கு வந்து, தனி டிக்கெட்டில் மலேசியா ஏர்லைன்ஸ் விமானத்தில் சென்னை செல்கிறீர்கள். உள்நாட்டு விமானம் என்பதால் வந்திறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியேறி, விரைவு ரயிலில் முனையம் 1க்கு வரலாம். அங்கே ஐந்தாம் மாடிக்கு ஏறிப் பெட்டியை ஒப்படைத்து, கடப்பிதழ் சோதனையைக் கடந்த பிறகு, உங்கள் வாயில் எண் 'சி' என்று தொடங்கினால் மட்டும் ஏரோட்ரேனில் ஏறுங்கள். 'ஜி', 'எச்' வாயில்கள் பிரதான கட்டடத்தோடு ஒட்டியே இருப்பதால் நடந்தே போகலாம்.

திரும்பி வரும்போதுதான் நேரம் விழுங்கப்படுகிறது. சேட்டிலைட்டில் இறங்கி, ஏரோட்ரேனில் வந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டிக்குக் காத்திருந்து, சுங்கத்தைத் தாண்டிய பிறகே அந்த மூன்று நிமிட ரயில் வரும். அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுவதே என் வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர்கள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை, வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். முனையம் மாறுவதற்காகக் குடிநுழைவைக் கடப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

விரைவு ரயில் இரவு முழுவதும் ஓடுவதில்லை. நள்ளிரவு தாண்டி வந்திறங்கினால், இரு முனையங்களுக்கும் இடையே ஓடும் இலவசப் பேருந்துக்கான அறிவிப்புப் பலகையைத் தேடுங்கள்.