ஆள் போன பிறகும் ஓடும் கம்ப்ரசர்

நேயர்களுக்கு வணக்கம். நம் பினாங்கு மாநிலத்தில் பிறை, பட்டர்வொர்த், சிம்பாங் அம்பாட் பக்கம் இந்த நேரத்தில் எத்தனையோ பட்டறைகளில் லேத் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ பேசிக்கொண்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ரேடியோ. இன்றைய என் பேச்சு அதன் சொந்தக்காரர்களுக்குத்தான்.

நான் பாயான் லெப்பாசில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன். சிறு பட்டறைகள் செய்து அனுப்பும் பாகங்களை அளந்து பார்த்து, அளவு தப்பினால் திருப்பி அனுப்புவேன். ஓய்வு பெற்ற பிறகு அதே மாதிரிப் பட்டறைகளுக்குப் போய், அளவு ஏன் தப்புகிறது, வேலை ஏன் தாமதமாகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். திருப்பி அனுப்பிய பாவத்துக்குப் பரிகாரம் என்பாள் என் மனைவி.

சிம்பாங் அம்பாட்டில் அண்ணனும் தம்பியும் நடத்தும் பட்டறை ஒன்று. கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஐந்து, ஆட்கள் பதினான்கு பேர். போன உடனே அண்ணன் கேட்டார், "சார், ரோபோ கை ஒன்று வாங்கலாமா?" ஏன் என்று கேட்டேன். ஆள் கிடைப்பதில்லை, மெஷின் போதவில்லை, ஆர்டரை முடிக்க முடியவில்லை என்றார். சரி, வாங்குவதற்கு முன் ஒரே ஒரு நாள் இந்த இரண்டாவது மெஷின் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லி, ஒரு நோட்டும் கைக்கடிகாரமுமாக நின்றேன்.

காலையில் ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு மாற வேண்டும். பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸைப் பையன் கழற்றினான். பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஜிக், அடுத்த வேலைக்கானது, எங்கே என்று தேடப் போனான். அது மூன்றாவது மெஷினுக்குப் பின்னால் ஒரு துணிக்கு அடியில் கிடந்தது. திரும்பி வந்தால் திருகாணி முடுக்கும் அலன் கீ இல்லை. பிறகு டூலின் நீளத்தை அளந்து, புரோகிராமைத் தம்பியிடம் கேட்டு ஏற்றி, முதல் பாகத்தைச் செதுக்கி, அதை அளக்க மைக்ரோமீட்டருக்காகக் காத்திருந்தான். பட்டறைக்கே ஒரு மைக்ரோமீட்டர்! எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். அதில் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் செய்தாக வேண்டும் என்ற வேலை இருபது நிமிடம்கூட இராது. அன்று மட்டும் அந்த மெஷினில் மூன்று முறை வேலை மாறியது.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் இதை எப்போதோ பிரித்துக் காட்டிவிட்டார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியது எது, நிறுத்தித்தான் செய்ய முடியும் என்பது எது என்று பிரித்துவிட்டால், மணிக்கணக்கில் ஆகும் மாற்றத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவரலாம் என்பது அவர் கணக்கு. நாங்கள் பத்துக்கு வரவில்லை, நாற்பதுக்கு வந்தோம். சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி, ஜிக்குகளுக்கு ஒரு பலகை, இன்னொரு மைக்ரோமீட்டர். அண்ணன் ரோபோவைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரக் குழப்பத்தோடு ரோபோவைச் சேர்த்தால், அதுவும் பையனோடு சேர்ந்து அலன் கீக்குக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு பட்டறையில் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். உற்பத்தியைக் கண்காணிக்கும் மென்பொருள், ஒரு விற்பனையாளர் நல்ல விலைக்குத் தலையில் கட்டிவிட்டுப் போனது. திரை முழுக்க ஆங்கிலம். மெஷின் ஓட்டுபவர்கள் இரண்டு பேர் நேப்பாளிகள், ஒருவர் வங்காளதேசி. கீபோர்டில் தூசி. அதற்குப் பதிலாக மெஷினுக்குப் போகும் மின்கம்பியில் ஒரு சின்ன சென்சாரைக் கவ்வ விட்டால் போதும். மின்சாரம் நிறைய இழுத்தால் மெஷின் வேலை செய்கிறது, குறைவாக இழுத்தால் சும்மா நிற்கிறது. பழைய மெஷின் என்றாலும் பரவாயில்லை, மெஷினுக்குள் எதையும் மாற்ற வேண்டாம்.

பினாங்கில் இதெல்லாம் புதிதா என்ன? 1972ல் பாயான் லெப்பாசில் சுங்க வரியில்லாத் தொழில் மண்டலம் வந்தபோது இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி என்று எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. எட்டு சாமுராய் என்று இன்றும் சொல்வோம். ஜிக், அச்சு, உதிரிபாகம் என்று அவர்களுக்குச் செய்து கொடுத்துத்தான் நம் சிறு பட்டறைகள் பல வளர்ந்தன. 1989ல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியது. சந்தையில் போட்டி போடும் நிறுவனங்களே கருவிகளையும் ஆசிரியர்களையும் பொதுவில் வைத்து ஒரே கூரையின் கீழ் ஆட்களைப் பழக்கின. எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. முப்பரிமாணத்தில் அளக்கும் சிஎம்எம் கருவியை ஒரு சின்னப் பட்டறை தனியாக வாங்கினால் கடன் கழுத்தை நெரிக்கும். ஒரே தெருவில் இருக்கும் பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் அது பெரிய விஷயமில்லை. ஆனால் நம் வரைபடத்தைப் பக்கத்துப் பட்டறைக்காரன் பார்த்துவிடுவானே என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. அதனால்தான் கருவி யாருடைய பட்டறையிலும் இல்லாமல் பொது இடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

அரசு உதவியைப் பற்றியும் கேட்பீர்கள். 2018ல், உற்பத்தியை டிஜிட்டல்மயமாக்க இண்டஸ்ட்ரி ஃபோர்வர்ட் கொள்கையை அறிவித்தார்கள். அதன்கீழ் வந்த நிதியில் செலவில் 70 விழுக்காடு அரசுடையது, 30 விழுக்காடு உங்களுடையது, உச்சவரம்பு 5 லட்சம் ரிங்கிட் என்று வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் நீங்கள் செலவழித்துவிட்டுப் பிறகுதான் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் தொண்ணூறு நாள் கழித்துக் காசு தருகிற பட்டறையில் அந்த 'முதலில்' எங்கிருந்து வரும்? மானியத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு மாதம் பட்டறைக் கணக்குப் புத்தகத்தை எழுதிப் பார்த்தால் நல்லது. மனிதவள மேம்பாட்டு வரி இன்னொரு கதை. பத்து அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் பலர் மாதாமாதம் சம்பளத்தில் 1 விழுக்காட்டைக் கட்டுகிறார்கள், அதிலிருந்து பயிற்சிக்குப் பணம் கேட்பதே இல்லை. உங்கள் பணம் அங்கே இருக்கிறது, கேளுங்கள்.

அப்புறம், காசே செலவில்லாத ஒன்று. சரியாகப் பராமரிக்காத பட்டறையில் கம்ப்ரசர் அடிக்கும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை கசிந்தே போகும். அத்தனையும் மின்சாரக் கட்டணம். இன்று மாலை ஆட்களை அனுப்பிவிட்டு, மெஷின்களை நிறுத்தி, கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்றைத் தொடாதபோதும் அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தானாக முழங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழாய் வழியே நடந்து போங்கள். குழாய் மூட்டுகளிலும் காற்று ஊதும் துப்பாக்கிகளிலும் 'ஸ்ஸ்' என்று கேட்கும். அதற்கு ஒன்று மட்டும் செய்ய வேண்டும்: என்னையும் சேர்த்து இந்த ரேடியோவை அணைத்துவிடுங்கள்.