இறையியல் படித்தால் விசுவாசம் போய்விடுமா?

அன்பான தம்பி தங்கைகளே, பெற்றோரே, சேகரக் கமிட்டிப் பெரியவர்களே,

ஊழியத்துக்குப் படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கான கூட்டம் என்றுதான் அழைத்தார்கள். வந்து பார்த்தால் பாதி நாற்காலிகளில் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இந்தப் படிப்பைப் பற்றிய பயம் பிள்ளைகளைவிட வீட்டில்தான் அதிகம். "செமினரிக்குப் போனால் இருக்கிற விசுவாசமும் போய்விடும்" என்ற பேச்சு நம் சபைகளில் கேட்காத ஊர் கிடையாது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

செமினரி என்கிற இறையியல் கல்லூரியில் படிக்கும் பி.டி. என்பது இறையியல் இளநிலைப் பட்டத்துக்கான நான்கைந்து வருடப் படிப்பு. பட்டம் தருவது செராம்பூர் கல்லூரியின் செனட் என்னும் கல்விப் பேரவை. கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818-இல் வங்காளத்தில் தொடங்கிய கல்லூரி அது. அந்த ஊர் அப்போது டென்மார்க் வசம் இருந்ததால், பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் டென்மார்க் அரசர் கொடுத்தார். கிறிஸ்தவப் பிள்ளைகள், மற்றப் பிள்ளைகள் இருவருக்கும் கீழைநாட்டு இலக்கியமும் மேலைநாட்டு அறிவியலும் சொல்லித்தர வேண்டும் என்றுதான் அதைத் தொடங்கினார்கள். இன்று வேதாகமம், சபை வரலாறு, மதங்கள், ஆலோசனைப் பணி எல்லாம் பாடத்தில் உண்டு. எபிரேயமும் கிரேக்கமும் எட்டிப் பார்க்கும். வார இறுதியில் ஏதாவது ஒரு சபைக்கு ஊழியத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரி, பயம் எங்கே தொடங்குகிறது? வகுப்பில் ஒரு நாள் மாற்கு 16-ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். "நீங்கள் உலகமெங்கும் போய்" என்று தொடங்கும் 15-ஆம் வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். கன்வென்ஷன் மேடையில் பின்னால் கட்டுகிற பேனரில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் உண்டு. ஒன்று சீனாய் மலை மடத்தில் கிடைத்தது, இன்னொன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. இரண்டிலும் மாற்கு சுவிசேஷம் 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த 15-ஆம் வசனம் அவற்றில் இல்லை. கல்லறைக்குப் போன பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள். பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கி வளர்ந்த பிள்ளைக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும். கெடுக்கட்டும் என்கிறேன். அவன் அப்படியே விட்டுவிடுகிறானா? மத்தேயு 28-ஐப் புரட்டுகிறான். சீஷர்களை அனுப்பும் கட்டளை அங்கே பத்திரமாக இருக்கிறது. அப்புறம் மறுபடி மாற்குக்கு வருகிறான். முதல் உயிர்த்தெழுதல் செய்தி பயந்து வாயடைத்துப்போன பெண்கள் கையில்தான் கொடுக்கப்பட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. நாளைக்கு மகனைப் பறிகொடுத்து வார்த்தை வராமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயின் வீட்டுக்குப் போகும்போது, பேனர் வசனத்தைவிட அந்த எட்டாம் வசனம் அவனுக்கு உதவும். போதகர் ஐயரே கதி என்று நம்பியிருக்கும் சபைக்கு இப்படிப் படித்த ஐயர்தான் வேண்டும்.

இன்னொரு பயம், மற்ற மதங்களை ஏன் படிக்க வேண்டும் என்பது. தரங்கம்பாடிக்குப் போங்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்கு மறுநாள்தான் 24 வயது நிறைந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், ஊராரிடம் அவர்கள் தெய்வங்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1713-இல் அதை ஒரு பெரிய நூலாக்கி ஜெர்மனியில் ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பிராங்கே, இதையெல்லாம் ஐரோப்பாவில் பரப்பவா உங்களை அனுப்பினோம் என்ற நினைப்பில் அச்சிட மறுத்துவிட்டார். அந்த நூல் சென்னையில் அச்சேறியது 1867-இல். அதே சீகன்பால்குதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுத் தந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் சாமியைக் கேட்டுத் தெரிந்துகொண்டதால் அவர் விசுவாசம் ஒரு துளியும் குறையவில்லை.

நம் தெருவில் கோயில் கொடை நடக்கிறது, தர்காவில் கந்தூரி நடக்கிறது. அங்கே வேண்டுதல் வைப்பவர்களின் மனசு என்னவென்று தெரியாத ஒருவர், மைக் பிடித்து அவர்களுக்கு என்ன சொல்லிவிட முடியும்?

மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியைச் சொல்லாமல் முடியாது. பரட்டை என்று எல்லோரும் அழைத்த தியாபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தார். கிராமத்து மெட்டில், கிராமத்துப் பேச்சில் ஆராதனைப் பாட்டு எழுதினார். ஒரே உலையில் வெந்த சோற்றை எல்லோரும் ஒரு குடும்பமாக உண்பதைத் திருவிருந்தோடு சேர்த்து வைத்துப் பேசினார். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருக்கிற நாட்டில் இது எவ்வளவு பெரிய வார்த்தை! உழைக்கிற ஜனங்களின் பாட்டையும் பழக்கத்தையும் உட்கார்ந்து படித்தவரிடமிருந்து வந்த இறையியல் அது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். வேறெங்கும் சீட் கிடைக்காத பிள்ளையை "ஆண்டவருக்கென்று கொடுத்துவிட்டோம்" என்று அனுப்பாதீர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஆசையாகக் கேட்டால் தடுக்காதீர்கள். மகள் கேட்டாலும் அப்படித்தான். அவளுக்கு முதலில் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஒன்று. நேர்காணலில் "உனக்கு அழைப்பு எப்போது வந்தது?" என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். கூடவே, கடைசியாக என்ன புத்தகம் படித்தாய், உன் நண்பர்களில் சபைக்கு வெளியே யார் இருக்கிறார்கள், உனக்குப் பதில் தெரியாத கேள்வி எது என்றும் கேளுங்கள். பதில் சொல்லப் பிள்ளை திணறினால் உடனே மார்க் குறைக்காதீர்கள், கொஞ்சம் நேரம் கொடுங்கள். அனுப்பி வைத்த பிறகு, விடுமுறையில் வரும்போதெல்லாம் வகுப்பில் என்ன படித்தாய் என்று விசாரியுங்கள். ஒரு ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏற்றி, அந்த மாற்கு எட்டாம் வசனத்தைப் பேசச் சொல்லுங்கள்.