மணி கோர்க்கும் கை

அனைவருக்கும் வணக்கம். என் கையில் இருக்கும் இந்தச் சின்ன டப்பாவில் பதினொன்றாம் நம்பர் கண்ணாடிப் பாசிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கடுகைக் கொட்டி வைத்தது போலத் தெரியலாம். ஊசி நுனியில் ஒன்றை எடுத்து நூலில் இறக்குவேன், அப்புறம் அடுத்தது. பத்து மணி கோர்ப்பதற்குள் காலையிலிருந்து மனதுக்குள் ஓடிய பேச்செல்லாம் அடங்கிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் பிளோம்போஸ் குகையில் ஏறத்தாழ 75,000 ஆண்டுகளுக்கு முந்தைய நத்தை ஓட்டு மணிகள் கிடைத்தன. அவற்றில் துளை இருக்கிறது; கோர்த்து அணிந்ததால் தேய்ந்த தடமும் இருக்கிறது. அந்தத் தடத்தை நினைக்கும்போதெல்லாம், அதைக் கோர்த்தவருக்கும் விரல் வலித்திருக்குமே என்று எனக்குத் தோன்றும்.

என் இன்னொரு கைவேலையான பாலிமர் களிமண்ணுக்கு வருகிறேன். பெயரில்தான் மண். உண்மையில் அது பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை இளக்கி வைத்திருப்பது பிளாஸ்டிசைசர். காற்றில் காயாது. ஓவனில் வைத்தால்தான் இறுகும், பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள். பொட்டலத்தில் போட்டிருக்கும் சூட்டைத் தாண்டவே தாண்டாதீர்கள். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், மூச்சுக்கு ஆகாது.

இதில் என்னைக் கட்டிப்போட்டது கட்டை செய்யும் முறை. ஒரு பூவை வரைவதற்குப் பதிலாக, பூவின் ஒவ்வொரு இதழையும் நீளமான குச்சியாக உருட்டி, நடுவில் மஞ்சள் குச்சி வைத்து, இடைவெளியில் வேறு நிறம் அடைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டையாக்குவோம். பிறகு சுற்றிலும் அழுத்தி அழுத்தி நீட்ட வேண்டும். கட்டை மெலிய மெலிய உள்ளே இருக்கும் பூவும் சிறுக்கும், ஆனால் உருவம் மாறாது. கைமுட்டி அளவுப் பூ சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிடும். எங்கே வெட்டினாலும் அதே பூ. வெட்டும் வரை அது கண்ணில் படாது என்பதுதான் இதில் பெரிய சுகம்.

ஆனால் அந்த அழுத்தம் முழுவதையும் கொடுப்பது கட்டைவிரல். புதுப் பொட்டலம் சில சமயம் செங்கல் மாதிரி இருக்கும். நான் வருடக்கணக்கில் அதை வெறும் கையால் பிசைந்தேன். ஒருநாள் பாட்டில் மூடியைத் திருகப் போனபோது கட்டைவிரலின் அடிமூட்டில் சுரீர் என்றது. இரண்டு மாதம் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த இரண்டு மாதமும் எனக்கு வலியைவிடச் சும்மா இருந்ததுதான் கொடுமையாக இருந்தது.

இப்போது களிமண்ணைப் பையோடு மடியில் வைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் தொடுகிறேன். மெல்லிய துண்டாக வெட்டி, மாவைத் தகடாகத் தேய்க்கும் பாஸ்தா மெஷின் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அதில் ஓட்டுகிறேன். உருளையால் தேய்க்கும்போது நின்றுகொண்டு உடம்பின் எடையைப் போடுகிறேன், மணிக்கட்டு வளைவதில்லை. மணி வேலையில் தொல்லை வேறு மாதிரி. மெல்லிய ஊசியைக் கிள்ளிப் பிடிப்பதில் விரல்கள் விறைத்துவிடும், கழுத்து குனிந்தே இருக்கும், கண் இமைக்க மறந்து காய்ந்துபோகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வைத்திருக்கிறேன். அடித்ததும் ஊசியை வைத்துவிட்டுத் தூரத்தில் எதையாவது பார்ப்பேன். வரிசை பாதியில் நிற்கிறதே என்று மனம் கெஞ்சும். சரி, நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அதை வேலைக் களைப்பு என்று தள்ளிப்போடாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், சீக்கிரமே காட்டுங்கள்.

இதோ, நான் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நீட்டிய கட்டை. இரவு முழுக்க ஆற வைத்ததால் வெட்டும்போது நசுங்காது. முனையில் உருவம் கோணியிருக்கும், அதைக் கழித்துவிடுகிறேன். இப்போது பிளேடை வைக்கப் போகிறேன். கிட்டே வந்து பாருங்கள்.