புள்ளிக்கோட்டை நம்பிப் போனவர்

அனைவருக்கும் வணக்கம். வரைபடத்தில் ஓர் ஆற்றைப் புள்ளிபுள்ளியாகப் போட்டிருந்தால், வரைந்தவர் அங்கே போகவில்லை, கேள்விப்பட்டதைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். 1903-இல், இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள லாப்ரடாரின் வரைபடத்தில் அப்படி ஒரு கோடு இருந்தது. கிராண்ட் ஏரியில் ஒரே ஆறுதான் கலக்கிறது என்று அது காட்டியது. உண்மையில் கலப்பவை பல.

அதை நம்பி லியோனிடாஸ் ஹப்பர்ட் என்ற பத்திரிகையாளர் இரண்டு பேருடன் படகில் கிளம்பினார். போக வேண்டிய நாஸ்கோபி ஆற்றின் முகத்துவாரத்தைத் தவறவிட்டு, ஏரியின் கோடியில் சூசன் என்ற சிற்றாற்றுக்குள் புகுந்தார். துடுப்புப் போட்டதைவிடப் படகைச் சுமந்ததுதான் அதிகம். சாப்பாடு தீர்ந்தது. அக்டோபரில் கூடாரத்துக்குள் பட்டினியால் இறந்தார்.

படத்தை வரைந்த ஏ. பி. லோவை நான் குறை சொல்ல மாட்டேன். லாப்ரடாரின் உள்நாட்டில் ஆயிரக்கணக்கான மைல் அலைந்து அளந்தவர். தெரியாத இடத்தில் புள்ளிதான் வைத்தார். பார்த்தவர்தான் அதைக் கோடாக்கிக்கொண்டார்.

1905-இல் ஹப்பர்டின் மனைவி மினா போனார். முன்பு நர்ஸாக இருந்தவர். கணவருடன் போய்ப் பிழைத்து வந்த ஜார்ஜ் எல்சனும் வேறு மூன்று ஆண்களும் துணை. ஜூன் 27-இல் புறப்பட்டு, 576 மைல் கடந்து, ஆகஸ்ட் 27-இல் வடக்கே கடலோரத்திலுள்ள உங்காவா விரிகுடாவை அடைந்தார்கள்.

வழியில் மினா இடத்தை அளந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. சூரியனின் உயரத்தை அளக்க அடிவானம் வேண்டும். காட்டுக்குள் அதற்கு எங்கே போவது? தட்டில் பாதரசத்தை ஊற்றி, வானத்துச் சூரியனுக்கும் அதில் தெரியும் சூரியனுக்கும் இடையிலுள்ள கோணத்தை செக்ஸ்டன்ட் கருவியால் அளப்பார்கள். அதில் பாதிதான் சூரியனின் உயரம். உச்சிவேளையில் எடுத்தால் அட்சரேகை கிடைத்துவிடும். காற்றடித்தால் பாதரசம் நடுங்கும், அது வேறு தொல்லை!

வழியில் சந்தித்த, அந்த மண்ணின் பூர்வகுடிகளான இன்னு மக்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். வேகமாகப் போனால் ஐந்து தூக்கம்தான் என்று பதில் வந்தது. உலகம் ‘அறியப்படாத பூமி’ என்று எழுதிய இடத்தில், தூரத்தைத் தூக்கத்தால் எண்ணிச் சொல்ல ஆள் இருந்தது.

வெவ்வேறு ஆறுகள் என்று எண்ணப்பட்ட நாஸ்கோபியும் நார்த்வெஸ்ட் ஆறும் ஒன்றுதான் என்பது மினாவின் படத்தில் உறுதியானது. 1906-இல் அமெரிக்கப் புவியியல் கழகம் அதை வெளியிட்டது. அதில் அவர் வரைந்த மிச்சிகமாவ் ஏரியை இன்று போய்த் தேடினால் தனியாகக் கிடைக்காது. 1970-களில் நீர்மின் திட்டத்துக்காகத் தேக்கிய ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது.