புகாரை எழுத்தில் கொடுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம். பல்கலைக்கழகத்தில் இனப் பாகுபாட்டைச் சந்தித்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

பொது அதிகார அமைப்பு நடத்தும் கல்வி நிறுவனத்தின் நிர்வாகத்தில், குறிப்பாக மாணவர் சேர்க்கையிலும் கட்டணத்திலும், சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனிடமும் பாகுபாடு காட்டக்கூடாது என்று மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. இட ஒதுக்கீடு தொடர்பான 153ஆம் பிரிவு வேறு விவாதம். வகுப்பறையில் ஒரு மாணவியின் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்த அது யாருக்கும் உரிமை தரவில்லை.

சட்டம் இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் வாய்திறப்பதில்லை? தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் சம்பளக் கணக்குக் கேட்டால் வேலையோடு, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும் என்று அஞ்சி வாழ்ந்தவர்கள் நாம். அந்த அச்சத்துக்கு அன்று காரணம் இருந்தது. இன்று அதே அச்சத்தில்தான், விடுதியிலிருந்து அழுதபடி தொலைபேசியில் அழைக்கும் மகளிடம், "பொறுத்துக்கொள், பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடு" என்கிறோம். அன்பினால் சொன்னாலும், அந்தச் சொல் அவளைத் தனியாக விட்டுவிடுகிறது என்பதே என் வருத்தம்.

மாணவர்களே, நடந்ததை அன்றிரவே எழுதிவையுங்கள். நாள், நேரம், இடம், உடனிருந்தவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்லப்பட்ட வார்த்தைகளை, அவை எந்த மொழியில் சொல்லப்பட்டனவோ அதே மொழியில் குறித்துக்கொள்ளுங்கள். "அவர் இனவெறி பிடித்தவர்" என்பது உங்கள் முடிவு. அவர் பேசிய வாக்கியமோ விசாரிப்பவர் ஆராயக்கூடிய சான்று. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். மாணவர் நலப் பிரிவில் நேரில் பேசினாலும், பேசியதை மின்னஞ்சலில் அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால், மறுமதிப்பீட்டுக்கு உரிய காலக்கெடுவுக்குள் தனியாக விண்ணப்பியுங்கள். பாகுபாட்டுப் புகார் அதற்கு மாற்றாகாது. புகார் கொடுத்த பின் யாரேனும் மிரட்டினால், அதையும் தனிப் புகாராக எழுதுங்கள். பாலியல் தொல்லையாக இருந்தால், 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தை நாடவும் வழியுண்டு.

பல்கலைக்கழகம் பதில் தராவிட்டால், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடம் செல்லலாம். அது விசாரித்துப் பரிந்துரைக்கலாமே தவிர, நீதிமன்றம்போல் ஆணையிட முடியாது. அங்கே செல்லும்போது, நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலும், வந்த பதில்களும், பதில் வராத நாள்களின் குறிப்பும் உங்கள் கையில் இருக்கட்டும்.